சீக்கு இல்லாதவள் சொன்ன சாட்சி

ஜூன் 10, புதன்

காலையிலிருந்து மழை. இந்த வருஷத்து முதல் மழை. பால்கனியில் காய்ந்த துணி எல்லாம் மறுபடி அலச வேண்டும். வேலைக்கு வரும் மாவ்ஷி வரவில்லை. பாத்திரம் நானே.

ஆபீஸுக்கு அரை நாள் லீவு. டாக்டரிடம் போக இவர் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். வானவடி சிக்னல் தாண்டுவதற்குள் ரெண்டு பேரும் தொப்பல்.

எல்லா ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. ஈஸ்டர் கழிந்து நம் கோவிலில் வைத்த ரத்ததான முகாமில் ஆரம்பித்த வினை. ரத்தம் கொடுத்தேன், பிஸ்கட் தின்றேன், போட்டோவுக்குப் பல்லைக் காட்டினேன். பிறகு ரத்த வங்கியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, உங்கள் ரத்தத்தை எடுத்துக்கொள்ள முடியாது, லிவர் டாக்டரைப் பாருங்கள். அன்றிலிருந்து ராத்திரித் தூக்கம் ஒழுங்காக இல்லை.

டாக்டர் மராத்திக்காரர். என் வயதுதான் இருக்கும். எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு முதலில் சொன்னது: “ஆப் பீமார் நஹீ ஹைன்.” நீங்கள் சீக்காளி இல்லை. கிருமி உள்ளே இருக்கிறது. அநேகமாகப் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும். இத்தனை வருஷம் ஈரலை ஒன்றும் செய்யாமல் கிடக்கிறது. ஸ்கேன் சுத்தம். இப்போது மருந்து வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அதை மட்டும் விடக் கூடாது, என்றைக்காவது அது விழித்துக்கொண்டால் மாத்திரை உண்டு.

கேட்டு எழுதிக்கொண்டு வந்தது:
ரத்தம் கொடுக்கக் கூடாது. பிளேடு, பிரஷ், நகவெட்டி தனி.
சாப்பாடு, தட்டு, டம்ளர், இருமல், தொடுதல், எதனாலும் ஒட்டாது.
இவருக்கு டெஸ்டில் இல்லை. ஊசி போட வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகளுக்கும் இல்லை, ஸ்தோத்திரம்.
ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அதாவது தம்பி செல்வின்.

அம்மா ஈரல் வீங்கித்தான் போனாள். மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்து ஊற்றிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் மனசு தாங்காமல் ஜெயசீலி அக்காவிடம் மட்டும் சொன்னேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவி, பக்கத்து சொசைட்டி, இருபது வருஷப் பழக்கம். ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாருக்கும் வேண்டாம் என்றேன். சரிட்டி என்றார்கள்.

வாங்க வேண்டியது: குடை கம்பி, தோசை அரிசி, இவருக்கு ஷேவிங் பிளேடு.


ஜூன் 14, ஞாயிறு



ஆராதனையில் வியாதியஸ்தருக்காக ஜெபிக்கும் நேரம். சபைப் போதகரான ஐயர் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். சர்க்கரை வியாதிக்காரர், இடுப்பு முறிந்த பாட்டியம்மா, அதற்கப்புறம் “ஈரல் வியாதியினாலே படுக்கையாயிருக்கிற எங்கள் சகோதரி பியூலா ராஜன்.” மைக்கில். ஸ்பீக்கர் வெளியே கார் நிறுத்தும் இடம் வரைக்கும் உண்டு.

படுக்கையாயிருக்கிற நான் பாடகர் குழுவில், முதல் வரிசையில், நீலப் புடவை கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவள் பாட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இத்தனை நாள் ஒரே புத்தகத்தில்தான் பாடினோம்.

ஜெ. அக்காவை வாசலில் பிடித்தேன். முகம் வாடவே இல்லை. “ஜெபத்துல வைக்கச் சொன்னது நீதானட்டி? ஒருத்தி ஜெபத்த விட சபை ஜெபத்துக்குப் பலன் கூடத்தான?” நான் சீக்காளி இல்லை, டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். “கர்த்தர் பாத்துக்கிடுவாரு” என்று என் கையில் தட்டிக்கொடுத்தார்கள். பிறகு அந்தக் கையைக் கைப்பைக்குள் விட்டுத் துண்டை எடுத்தார்கள். பார்க்காத மாதிரி நின்றேன்.

மதியம் கறி வைத்தேன். உப்பு கூடிப்போயிற்று. இவர் தயிரை ஊற்றிப் பிசைந்து தின்றார்.


ஜூன் 17, புதன்

மழை. துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

சீக்கு விசாரிக்க வந்தவர்கள்: ஐயரம்மா, ஜெ. அக்கா, கண்டோன்மென்ட் பள்ளிக்கூட டீச்சர்மார் ரெண்டு பேர். கொண்டுவந்தது: ஆரஞ்சு, பார்லி, ஒரு கட்டுக் கீழாநெல்லி. அது இந்த ஊரில் எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை. தின்றது, குடித்தது: ஒன்றுமில்லை. நாலு பேரும் இப்பந்தான் குடிச்சிட்டு வாரோம் என்றார்கள். நாலு டம்ளர் டீயும் ஆடை படிந்து கிடந்தது. எல்லாவற்றையும் நானே குடித்தேன், வேண்டுமென்றே.

“மெலிஞ்சிட்டிய” என்று ஐயரம்மா. ரேஷன் கடைத் தராசு பொய் சொல்லாது, போன மாதத்தை விட ஒரு கிலோ கூடுதல்.

போகும்போது ஜெ. அக்கா மெதுவாகச் சொன்னது: ஆகஸ்டில் அசனம் வருகிறதே, சபைக்கே சோறு போடுகிற வேலை, இந்தத் தடவை நீ காய் வெட்ட வர வேண்டாம், ஓய்வெடு. பதினைந்து வருஷமாக அந்த அசனத்துக்கு சாம்பார் என் கை. உப்புப் பார்க்கக்கூட யாரையும் விட்டதில்லை நான். எனக்கு ஓய்வாம்.


ஜூன் 19, வெள்ளி

ஆபீஸ் முடிந்து நேராக ஐயர் வீட்டுக்கு. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தையும் கொண்டுபோனேன்.

நல்ல பையன்தான். என் மகளை விட நாலைந்து வயது மூப்பு. காகிதத்தை வாசித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “ஐயா, எனக்குச் சீக்கே இல்லை” என்றேன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அதுதாம்மா விசுவாசம். இருந்தும் இல்லன்னு அறிக்கை பண்றீங்க பாருங்க.”

விசுவாசம் இல்லை ஐயா, ஸ்கேன், என்றேன். சிரித்தார்.

சுகம் கிடைத்த அன்று எழுந்து நின்று சாட்சி சொல்லுங்கள், அன்றைக்கே பெயரை எடுத்துவிட்டு ஸ்தோத்திரக் காணிக்கை எடுப்போம் என்றார். ஆக இந்த ஜெபத்திலிருந்து வெளியே வர ரெண்டே வழி. ஒன்று சுகமாக வேண்டும், இல்லை சாக வேண்டும். சீக்கே இல்லாதவளுக்கு வழி இல்லை.

அதோடு விடவில்லை. ஜூலை முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பது நம் வழக்கம். கமிட்டியில் பேசினார்களாம். நான் கடைசி ஆளாக வர வேண்டுமாம், அல்லது அப்பத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். பாத்திரத்தில் ஒட்டாது என்று அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது என்று காட்டினேன். “எனக்குப் புரியுதும்மா. ஜனங்க மனசுன்னு ஒண்ணு இருக்கே” என்றார்.

கமிட்டிச் செயலர் யார்? என் தம்பி செல்வின். கூடப் பிறந்தவன் அந்த மேஜையில் உட்கார்ந்து தீர்மானம் எழுதியிருக்கிறான். வாயைத் திறக்கவில்லையாம்.

வரும் வழியில் ரிக்‌ஷாக்காரன் மீட்டருக்கு மேல் கேட்டான். அவனிடம் ஹிந்தியில் கத்தித் தீர்த்தேன். பாவம் அவன்.


ஜூன் 21, ஞாயிறு

மறுபடியும் என் பெயர். இந்த வாரம் “பலவீனப்பட்டிருக்கிற” என்று. படுக்கையிலிருந்து எழுப்பிவிட்டார்கள், அதுவரைக்கும் லாபம்.

கோவில் முடிந்து செல்வினைப் பார்த்தேன். ரெண்டு மாதமாகச் சரியாகவே பார்க்கவில்லை, போசரியில் அவன் கம்பெனியில் ஓயாத ஓவர்டைம். தொந்தி சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கை மட்டும் குச்சி. செருப்புதான் போட்டிருந்தான், ஷூ ஏறவில்லையாம். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கேலி. “செயலருக்குச் சம்பளம் கூடிருச்சு போல, வயித்தப் பாத்தா தெரியுது.” அவனும் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தான். தட்டின சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்குக் கடைசியில் வயிறு அப்படித்தான் இருந்தது.

அவனை எல்லாரும் நல்ல தெம்பாக இருக்கிறான் என்கிறார்கள். என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்.


ஜூன் 24, புதன்

செல்வின் வீட்டுக்குப் போனேன். கேட் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பேசினேன், அவன் பெண்டாட்டி மேபல் காதில் விழ வேண்டாம் என்று. கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னேன். மஞ்சள். கால் மேல் விரலை அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது.

லே, எனக்கு இருக்கிறது உனக்கும் இருக்கும், எனக்கு அது சும்மா கிடக்கிறது, உனக்கு அப்படி இல்லை, நாளைக்கே ரத்தம் பார்ப்போம் என்றேன். முதலில் ஏசினான். அவனுக்கு ஒரு கேடும் இல்லையாம், வாயுவாம். அப்புறம் உண்மை வந்தது. “ஒன்ன இந்தப் பாடு படுத்துன பொறவு எவன்க்கா டெஸ்ட் எடுப்பான்? ஈரல்னா குடிகாரப் பயன்னு வேற சொல்லுவானுவ. நான் ஒரு சொட்டுத் தொட்டதில்ல.”

என்னைய இந்தப் பாடு படுத்துன கமிட்டிக்கு நீதானடா செயலர் என்று கேட்க வாய் வந்தது. கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு அவனே ஒரு வழி சொன்னான். நான் திருவிருந்து அன்றைக்கு எழுந்து சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்லிவிட வேண்டும். பெயரை எடுத்துவிடுவார்கள். பாத்திரமும் பழையபடி கிடைக்கும். பேச்சு அடங்கும். “அடங்கிட்டுன்னா நான் வாரேன். சத்தியமா வாரேன். இப்ப போனா, அக்காவுக்கு இருக்கு, தம்பிக்கும் இருக்குன்னு குடும்பத்தையே ஒதுக்கிருவானுவ.”

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ராணுவ ஸ்டோரில் முப்பது வருஷம் ஓட்டின மனுஷன். ஒரு நிமிஷ வேலை, சொல்லிவிட்டு வா, தம்பி பிழைக்கட்டும் என்றார். இவருக்கு எல்லாமே கையெழுத்துப் போட்டு அனுப்புகிற சரக்குதான்.


ஜூன் 28, ஞாயிறு

பெயர். மூன்றாம் வாரம்.

சுகமானேன் என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் சீக்காக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அது ஒரு பொய். கிருமி போய்விட்டது என்பது அடுத்த பொய். அதைக் கர்த்தர் தலையில் வைப்பது மூன்றாவது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஞாயிறு பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

செல்வின் படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினான். பார்த்தேன்.

பொய்யாவது, மெய்யாவது. சொல்லித் தொலைக்கிறேன்.


ஜூலை 5, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஈரல் வியாதியாக இருந்த என்னைக் கர்த்தர் பூரண சுகமாக்கினார், சபை ஜெபத்துக்கு நன்றி. அவ்வளவுதான். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். ஜெ. அக்கா அழுதே விட்டார்கள், நிஜக் கண்ணீர். மேபல் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் சந்தோஷத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐயர் பாத்திரத்தை என் வாயில் வைத்தார், வரிசையில், ஜெ. அக்காவுக்கு அடுத்து, எனக்கு அடுத்து ஒரு குழந்தைக்காரி. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. போன வாரம் இருந்த அதே ரத்தம்தான் எனக்கு உள்ளே. இவர்களுக்குப் பயம் கிருமி மேல் இல்லை, பெயர் மேல்தான்.

மதியம் ஜெ. அக்கா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. டப்பாவை இப்போதே கழுவிக் கொடு என்று நின்று வாங்கிப்போனார்கள். முன்னெல்லாம் அப்படித்தான் செய்வார்கள்.


ஜூலை 13, திங்கள்

செல்வின் சொன்ன சொல் தவறவில்லை. போன வாரமே கூட்டிப்போய் ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. இன்று முடிவு. மேபலும் வந்தாள்.

ஹெபடைட்டிஸ் பிதான். ஈரல் சுருங்கிப்போயிருக்கிறது, சிரோசிஸ். வயிற்றில் இருப்பது நீர். குடிக்காதவனுக்கும் இந்தக் கிருமியால் இப்படி ஆகும் என்றார் டாக்டர். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாமே என்றும் கேட்டார். யாரிடம் கேட்கிறார். கிருமியை அடக்கத் தினம் ஒரு மாத்திரை, ஒருநாள் கூட விடக் கூடாது, ஆயுசுக்கும். நீர் இறங்கத் தனி மாத்திரை. உப்பைக் குறைக்க வேண்டும். இப்போது பிடித்தால் மேலும் மோசமாகாமல் நிறுத்தலாம், கொஞ்சம் தேறவும் தேறும். விட்டால் கதை முடிந்தது.

மருந்துக்கடையில் மாத்திரையை வாங்கி நானே மேபல் கையில் கொடுத்தேன். கோவிலில் சர்க்கரை என்று சொல்லிக்கொள்வதாக ரெண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். சர்க்கரைக்கு இவர்களிடம் மரியாதை உண்டு.

இனி உயிர் பிழைத்துக்கொள்வான். அந்தப் பொய் வீண் போகவில்லை. இன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும்.


ஜூலை 16, வியாழன்

மடத்தனம். முழு மடத்தனம். என்னைச் சொல்கிறேன்.

ஆபீஸ் விட்டு செல்வினைப் பார்க்கப் போனால் மாத்திரை அட்டை பிரிக்காமல் அலமாரியில், பைபிளுக்குப் பக்கத்தில். ஒன்றுகூடப் போடவில்லை. மேபல் உபவாச ஜெபம் ஆரம்பித்திருக்கிறாள். ஆயுசுக்கும் மாத்திரை என்றால் விசுவாசம் எதற்கு என்கிறாள். “ஒங்களுக்கு ஒரு மாத்திர இல்லாம போச்சுல்லா மைனி? இவியளுக்கும் போவும்.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் போகவில்லை மேபல், எனக்குச் சீக்கே இல்லை, கோவிலில் சொன்னது பொய் என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள். சுகத்தை மறுதலிக்காதீர்கள், சாத்தான்தான் இப்படிப் பேச வைப்பான் என்றாள். செல்வினைப் பார்த்தேன். நீயாவது சொல்லேன்டா, நீ சொல்லித்தானே நான் எழுந்து நின்றேன். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ மராத்தி சீரியல்.

அப்புறம் மெல்ல, “ஒருவேள போயிருந்தாலும் போயிருக்கும்லாக்கா, நீ திருப்பி டெஸ்ட் எடுக்கலையே” என்றான். அவனே கட்டின பொய்யை அவனே நம்ப ஆரம்பித்திருக்கிறான். சாகப் பயந்தவனுக்கு எதுவும் நிஜமாகத் தெரியும்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கோவிலில் சொன்னதை வீட்டில் மறுத்தால் சாத்தான். அப்படியென்றால் கோவிலில்தான் மறுக்க வேண்டும்.


ஜூலை 19, ஞாயிறு

மழை விட்டு வெயில். புடவை பழைய சிவப்பு.

சாட்சி நேரத்தில் எழுந்தேன். ஐயர் சிரித்த முகமாக மைக்கை நீட்டினார். நான் சொன்னது, ஞாபகம் இருக்கிற வரைக்கும்:

“அஞ்சாம் தேதி நான் இங்க நின்னு சொன்னது பொய். கிருமி எனக்குள்ள அப்படியேதான் இருக்கு, சாகுற வரைக்கும் இருக்கும். ஆனா எனக்கு நோய் கிடையாது, ஒரு நாளும் இருந்ததில்ல. இல்லாத நோய்க்கு சுகம் எங்கேருந்து வரும்? அதே கிருமி ஒருத்தருக்கு நோயாவும் ஆகும். ஆனவங்க மாத்திர போடணும். போடலன்னா செத்துருவாங்க. என்னைய சாட்சியா வச்சு யாரும் மாத்திரய நிறுத்திராதீங்க.”

ஐயர் மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டு நம்பர் சொன்னார். என் வரிசை காலியாக இருந்தது போல இருந்தது, எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஜெ. அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஏமாற்றிவிட்டேன், உண்மைதான். அந்தக் கண்ணீர் நிஜம்.

செல்வின் முன்வரிசையில். கழுத்து மட்டும் தெரிந்தது. திரும்பவே இல்லை. அவன் பெயரை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

இவர் வெளியே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏறு என்றார். நல்ல மனுஷன்.


ஜூலை 20, திங்கள்

மேபல் போன். குரல் கட்டையாக இருந்தது. கோவிலில் நின்று நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று நம்பினேன், “எந்த ஞாயித்துக்கெழம சொன்னது மைனி பொய்?” என்று கேட்டாள். முதல் தடவை சொன்னது என்றேன்.

“அப்ப மாத்திர குடுக்கணுமா?”

குடு என்றேன். வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம், பிரித்த அட்டை, ஒரு குழி காலி. கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

உட்கார்ந்து அழுதேன். மாவ்ஷி பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்தாள்.


ஜூலை 26, ஞாயிறு

வியாதியஸ்தர் ஜெபத்தில் என் பெயர் இல்லை. “விசுவாசத்தில் தடுமாறுகிறவர்கள்” என்று புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள், பெயர் சொல்லாமல். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். செல்வினுக்காக சர்க்கரை வரிசையில் ஜெபித்தார்கள்.

ஷூ போட்டிருந்தான். வார் இழுத்துக் கட்டவில்லை, ஆனாலும் ஷூ.


ஜூலை 29, புதன்

தூறல். ஆபீஸில் மாதக் கடைசி வேலை. தலைவலி.

சாயங்காலம் செல்வின் போன். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பேசுகிறான். கமிட்டி கூடியதாம், செயலர் என்ற முறையில் தெரிவிக்க வேண்டியிருக்கிறதாம். இலக்கணத் தமிழில் ஆரம்பித்தான், சபையில் பொய்ச்சாட்சி கூறியமையால் சகோதரி பியூலா ராஜன் பாடகர் குழுவிலிருந்தும், ஞாயிறு பள்ளியிலிருந்தும், அசன வேலைகளிலிருந்தும், மறு அறிவிப்பு வரும் வரை திருவிருந்துப் பாத்திரத்திலிருந்தும்.

நடுவில் நிறுத்தினேன். “மாத்திர போட்டியா, லே?”

“காலையிலயே போட்டுட்டேன்க்கா” என்றான்.

சரி, மிச்சத்தை வாசி என்றேன்.